திஹானாவின் அறைச் சுவர்

நான் முப்பத்துநான்கு வருடம் பஸ் ஓட்டியவன். எங்கள் ஊர் லிபோவோவிலிருந்து ஸாக்ரெப் நகரத்துக்கு, ஸாக்ரெப்பிலிருந்து லிபோவோவுக்கு. ஓட்டிய தூரத்தைக் கூட்டினால் நிலாவுக்கு மூன்று தடவை போய் வந்திருக்கலாம். நடுவில் காபிக்கும் நிறுத்தியிருக்கலாம். இதைச் சொன்னால் என் மனைவி ரூஷா, "ஒரு தடவையாவது அங்கேயே தங்கியிருக்கக் கூடாதா?" என்பாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் யார் ஸாக்ரெப்பில் படிக்கிறார்கள் என்பது எனக்கு முகத்தை வைத்துத் தெரியாது, பெட்டியை வைத்துத்தான் தெரியும். வாரக்கடைசியில் வீட்டுக்கு வர முடியாத பிள்ளைக்குப் புதன்கிழமை பஸ்ஸில் பெட்டி போகும். டிரைவர் கையில் கொடுத்தால் போதும், பிள்ளை அந்தப் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளும். சட்டம் படிப்பவன் பெட்டியில் புகை போட்ட தொத்திறைச்சி இருக்கும். அவன் ஏறாத நாளிலும் பஸ் முழுக்க அவன் வாசனை. பல் மருத்துவம் படிப்பவளுக்கு வாரம் தவறாமல் வால்நட் கேக். ஒருமுறை உயிரோடு ஒரு வாத்தே போனது. வழியெல்லாம் அது எனக்குப் பின்னாலிருந்து வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் மாதோவின் மகள் திஹானாவின் பெட்டியை நான் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவேன். கால்நடை மருத்துவம், நான்காம் வருடம். அவள் அம்மா போய்ச் சேர்ந்ததிலிருந்து மாதோதான் சமைத்து அனுப்புகிறான். சுவர் கட்டுகிற மாதிரியே சமைப்பான். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வேகவைக்கும் சர்மாவை அவன் செய்தால் ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவு, செங்கல் எடை. அவற்றை வரிசை வரிசையாக, ஒரு வரிசையின் இணைப்பு மேலே அடுத்த வரிசையின் நடு வருகிற மாதிரி அடுக்கியிருப்பான். அதை ஏற்றிய புதன்கிழமைகளில் என் பஸ் வலது பக்கம் சாய்ந்துதான் போகும்.

திஹானா வர முடிந்த வெள்ளிக்கிழமைகளில் என் பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருவாள். கடைசி வளைவு திரும்பியதும் எழுந்து முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொள்வாள். "மாமா, அப்பா விளக்கு போட்டுட்டாரா பாருங்க" என்பாள். மாடியில் அவள் அறை ஜன்னலில் விளக்கு எரியும். மாதோ அதைச் சாயங்காலம் நாலு மணிக்கே போட்டுவிடுவான். ஜூன் மாதத்தில், ஒன்பது மணி வரை வெயில் அடிக்கிற ஊரில், நாலு மணிக்கு.

நான் ஓய்வு பெற்ற மறுவருடம், டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி மதியம், பூமி ஆடியது.

நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். சூப் எழுந்து நின்றது. நின்று, யோசித்து, என் மடியில் உட்கார்ந்தது. எங்கள் வீடு பழைய மரவீடு. அக்கார்டியன் வாத்தியம் மாதிரி ஒருமுறை விரிந்து, சுருங்கி, மறுபடி அதே இடத்தில் அமர்ந்துகொண்டது. ஊரில் இருந்த அத்தனை புகைபோக்கிகளும் ஒரே நேரத்தில் விழுந்தன. அதில் ஒன்றிலிருந்து மூன்று செங்கல், முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த மாதோவின் வலது தோளைத் தேடி வந்து விழுந்தன.

"நானே வெச்ச செங்கல்டா விங்கோ" என்றான், நான் ஓடிப்போய்த் தூக்கியபோது. "ரொம்ப நல்லா ஒட்டியிருந்துச்சு. மூணும் பிரியாம சேர்ந்தே வந்துச்சு பாரு."

திஹானா அன்று ஊரில் இல்லை. விடுமுறையிலும் ஸாக்ரெப்பில் ஒரு நாய் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணிநேரம் எந்தப் போனும் கிடைக்கவில்லை. கிடைத்ததும் மாதோ இடது கையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கத்தினான்.

"ஒண்ணும் இல்ல கண்ணு! வீடு அப்படியே நிக்குது! கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்!"

அப்படிச் சொன்னபோது அவன் இன்னும் வீட்டுக்குள் போய்ப் பார்க்கவே இல்லை.

நாங்கள் இருவரும் மாடிப்படி ஏறினோம். கீழே பரவாயில்லை. மேலே திஹானாவின் அறையில், ஜன்னல் மூலையிலிருந்து அவள் கட்டிலின் தலைமாடு வரைக்கும் சுவர் குறுக்காகப் பிளந்திருந்தது. என் கையை முழங்கை வரை உள்ளே விட்டேன். வெளியே விரலை ஆட்டினேன். தெருவில் யாராவது பார்த்திருந்தால் வணக்கம் சொல்லியிருப்பார்கள்.

மாதோ சிரிக்கவில்லை. அந்த வீட்டை அவனும் அவன் மனைவியும் சேர்ந்து கட்டினார்கள். பகலில் ஊரார் வீட்டைக் கட்டுவான், சாயங்காலம் தன் வீட்டைக் கட்டுவான். அவள் சுண்ணாம்பு குழைத்துக் கொடுப்பாள்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கா" என்றான்.

"வரட்டுமே. எங்க வீட்டுல படுக்கட்டும்."

"அதே வாரம் புதன்கிழமை இன்ஜினியருங்க வராங்களாம். வீடு வீடாக் காகிதம் ஒட்டுறாங்க. பச்சைன்னா இருக்கலாம். மஞ்சள்னா ரிப்பேர் பண்ணிட்டு இருக்கலாம். சிவப்புன்னா..." அவன் விரிசலைப் பார்த்தான். "சிவப்புன்னா புல்டோசர்தான். அவ எங்கடா வருவா? வெள்ளிக்கிழமை பஸ்ஸுல இறங்கி எங்க வருவா?"

"கண்டெய்னர் வீடு தருவாங்களாமே."

"ஒரு கட்டில் போடுற டப்பா. அதுக்கு எந்தப் பொண்ணு ரெண்டு மணிநேரம் பஸ்ஸுல வருவா? ஒரு வாரம் வருவா, ரெண்டு வாரம் வருவா. அப்புறம் 'பரீட்சை இருக்குப்பா'ம்பா."

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு கொத்தனார் புதுச் சிற்றாளைப் பார்க்கிற பார்வை.

"விங்கோ, உன் ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

அப்படித்தான் அறுபத்தாறாவது வயதில் நான் பூச்சு வேலை கற்றேன். மாதோ கட்டிலில் உட்கார்ந்து உத்தரவு போட்டான். நான் விரிசலுக்குள் ஓட்டுச் சில்லும் கம்பி வலையும் திணித்தேன், ஜிப்சத்தைக் குழைத்து அப்பினேன்.

"என்னடா அது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறியா? அடிச்சு ஏத்து! இன்னும் அடி! அது உன் மாமியார்னு நெனச்சுக்கோ!"

"என் மாமியார் நல்லவங்கடா."

"அப்ப என் மாமியார்னு நெனச்சுக்கோ!"

முதல் நாள் நான் பூசியதில் பாதி சுவரில் இருந்தது, பாதி என் மீசையில் இருந்தது. இரண்டாம் நாள் மீசையில் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் நான் மட்டக்கட்டை பிடித்துத் தேய்த்த தேய்ப்பில் சுவர் கண்ணாடியாகிவிட்டது. என் முகம் தெரிந்தது, தலை வாரிக்கொண்டேன். மேலே அவளுக்குப் பிடித்த இளம்பச்சைப் பெயின்ட். பழைய டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெளிப்பக்கம் என்ன செய்வது? கூரையில் ஓடு போன இடத்துக்குத் தீயணைப்புக்காரர்கள் நீலத் தார்ப்பாய் கொடுத்திருந்தார்கள். அதைக் கூரையிலிருந்து கொஞ்சம் தாராளமாகத் தொங்கவிட்டோம். விரிசல் மறைந்தது.

நாங்கள் இரண்டு பேரும் என்ன காரியம் செய்கிறோம் என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த மூன்று நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

புதன்கிழமை வந்த இன்ஜினியர் நிக்கோலினா என்ற இளம்பெண். ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து சம்பளமில்லாமல் உதவிக்கு வந்தவள். கடற்கரைக்காரி, எங்கள் சேறு அவள் காலணியைவிட்டுப் போக மறுத்தது. வந்த நாளிலிருந்து அது அவளுக்கு நாற்பதாவது வீடு. எனக்கென்னவோ நானூறாவது வீடு மாதிரி தெரிந்தது. கண் உள்ளே போயிருந்தது. கீழ்ச் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தாள். மேலே வந்து திஹானாவின் அறையில் சுற்றிப் பார்த்தாள்.

"யார் கட்டினது?"

"நான்தான் இன்ஜினியரம்மா."

"நல்ல வேலை பெரியவரே. இந்தத் தெருவுல செங்கல் வீட்டுல இது ஒண்ணுதான் இப்படி நிக்குது. அதிர்ஷ்டக்காரர் நீங்க."

மாதோ காது வரை சிவந்தான். அவள் கதவில் பச்சைக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனாள். நான் பிளம் சாராயம் ஊற்றினேன். அவன் குடிக்காமல் பச்சைக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை திஹானா வந்தாள். ஜன்னலில் விளக்கு எரிந்தது. மறுநாள் காலை எங்கள் வீட்டுக்குக் காபிக்கு வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

"மாமா, ஊரெல்லாம் இப்படி இடிஞ்சு கெடக்கு, எங்க வீடு மட்டும் எப்படி மாமா? மரத்துப் போய்ட்டேன் பஸ்ஸுல வரும்போது. விளக்கைப் பார்த்ததும் அழுதுட்டேன். அப்பா என் ரூமுக்குப் பெயின்ட் வேற அடிச்சிருக்காரு!"

"அப்படியா? பார்க்கலையே நான்" என்றேன். என் நகக்கண்ணில் இன்னும் இளம்பச்சை இருந்தது. கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"நல்லாத் தூங்குனேன். அப்பாதான் தூங்கவே இல்ல போல. படியிலயே உக்காந்திருந்தாரு. கேட்டா தோள் வலின்னாரு."

அதன் பிறகும் இரண்டு வெள்ளிக்கிழமை வந்தாள். இரண்டு தடவையும் மாதோவுக்குத் தோள் வலித்தது.

ஜனவரி கடைசியில் நாய் மருத்துவமனைக்காரர்கள் அவளை நிறுத்திவிட்டார்கள். மாதோவின் தோள் தேறவில்லை. ஊரில் அத்தனை வீட்டுக்கும் கொத்தனார் தேவைப்பட்ட காலத்தில், ஊரின் ஒரே நல்ல கொத்தனார் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றினான். ஸாக்ரெப்பில் அவள் இருந்த அறைக்கு வாடகை கொடுக்க வழியில்லை. அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. நிலநடுக்கத்தில் குடும்ப வீட்டை இழந்த மாணவர்களுக்கு விடுதியில் இலவச அறை, கட்டணம் கிடையாது, படிப்பு முடிகிற வரை மாதச் செலவுக்கும் ஒரு தொகை. பிப்ரவரி பதினைந்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு மஞ்சள் அல்லது சிவப்புக் காகிதம் ஒட்டிய சான்று வேண்டும்.

திஹானா போன் செய்தபோது நானும் மாதோவின் அடுக்களையில்தான் இருந்தேன். அவன் கை சரியில்லாததால் போனை மேஜையில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தான்.

"கேட்டுப் பார்த்தேன்ப்பா. பச்சைன்னா கிடையாதாம். அது நியாயம்தானே? வீடே இல்லாதவங்க எவ்வளவு பேரு. நமக்கு வீடு நிக்குது, அதுவே பெருசு."

"வேற ஏதாவது வழி பாப்போம் கண்ணு."

"பார்த்துட்டேன்ப்பா. ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வெச்சுட்டு அயர்லாந்து போறேன். என் கூடப் படிச்சவ அங்க காளான் பண்ணையில இருக்கா. இருபதாம் தேதி டிக்கெட் பார்த்திருக்கேன். ஒரே ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா?"

"ஒரே ஒரு வருஷம்ப்பா."

மாதோ போனை அணைத்தான். எங்கள் தெருவில் ஒரே ஒரு வருடத்துக்கு அயர்லாந்து போனவர்களை வைத்து இரண்டு பஸ் நிரப்பலாம். நின்றுகொண்டு வருகிறவர்கள் தனி. அவர்கள் வீட்டு ஜன்னல்களின் மரக்கதவுகள் மூடியே கிடக்கின்றன. முதல் கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். இரண்டாவது கிறிஸ்துமஸுக்குப் படம் அனுப்புவார்கள். மூன்றாவதில் படத்தில் ஒரு குழந்தை இருக்கும், அதற்கு நம் பாஷை தெரியாது.

"பச்சை வாங்கினது அவ வரணும்னுதானே?" என்றான் மாதோ கடைசியில். "அந்தப் பச்சையே அவளைத் துரத்துது பாரு."

நான் வீட்டுக்கு வந்து ரூஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சு, தார்ப்பாய், பெயின்ட் எல்லாம். வழக்கமாக நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுவாள். அன்று ஒரு வார்த்தையைக்கூடத் தள்ளவில்லை. கையில் இருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சுவத்துக்குக் கீழயா அந்தப் பொண்ணு படுத்தா?"

"அவன் ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு..."

"முழிச்சுக்கிட்டு? சுவர் விழுந்தா கையில புடிச்சிருப்பானா? அதுவும் ஒத்தைக் கையில? நீயும் ஒரு மனுஷன்! முப்பத்துநாலு வருஷம் ஒரு ஆளுக்குச் சிராய்ப்பு இல்லாம வண்டி ஓட்டுனேன்னு பீத்திக்கிட்டியே!"

வெளியே போடும் காலணியைக்கூட மாட்டாமல், வீட்டுக்குள் போடும் செருப்போடு பனியில் நடந்து மாதோ வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் போனேன். அவள் கத்தப்போகிறாள் என்று காதைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் அடுக்களையில் அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாதோ. அந்த இன்ஜினியர் பொண்ணைக் கூப்பிடு."

"கூப்பிட்டா சிவப்பு ஒட்டிடுவா ரூஷாக்கா."

"ஒட்டட்டும்."

"வீடு போயிடும்."

"போகட்டும்டா."

"அப்புறம் அவ எதுக்கு வருவா?" என்றான். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டான்.

ரூஷா சர்க்கரை டப்பாவை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். "வராமக்கூடப் போகலாம்" என்றாள் பிறகு. "ஆனா ஸாக்ரெப்புல இருப்பா. படிச்சுக்கிட்டு இருப்பா."

மாதோ மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தான். நிக்கோலினா பிப்ரவரி பதினொன்றாம் தேதி வந்தாள். விண்ணப்பத்துக்கு நான்கு நாள் மிச்சம். காகிதக் கட்டைப் புரட்டியபடியே உள்ளே வந்தாள், முகம் இறுகியிருந்தது.

"பச்சைக்கு என்ன குறை பெரியவரே? இந்த மாசம் எனக்கு இதே வேலையாப் போச்சு. உதவித்தொகை அறிவிச்சதும் எல்லாச் சுவத்துக்கும் திடீர்னு உடம்பு சரியில்லாமப் போகுது. நேத்து ஒருத்தர் சுவத்துல பேனாவால விரிசல் வரைஞ்சு வெச்சிருந்தாரு."

"நாங்க வரையல இன்ஜினியரம்மா" என்றேன் நான். "நாங்க அழிச்சோம்."

மாடிக்குப் போனோம். அவள் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே."

மாதோ என் கையில் சுத்தியலைக் கொடுத்தான். "அடிடா."

சொன்னால் நம்புங்கள், அந்த நேரத்திலும் எனக்கு மனசு கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அழகான பொருள் அந்தச் சுவர். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தேன். பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. ஜனவரியில் அடுத்தடுத்து வந்த சின்ன ஆட்டங்களில் உள்ளே விரிசல் வளர்ந்திருந்தது. இப்போது என் முழங்கை வேண்டாம், தலையே போயிருக்கும். தார்ப்பாயின் நீல வெளிச்சம் கட்டிலின் தலையணை மேல் விழுந்தது.

நிக்கோலினா அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாக எங்கள் இருவரையும் அறையைவிட்டு வெளியே தள்ளினாள். படியில் இறங்கி, வாசலுக்கு வந்து, முற்றத்தைத் தாண்டி, வேலி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"அந்தக் கட்டில்ல யாரு படுக்கறா?"

"என் பொண்ணு" என்றான் மாதோ.

"நான் பச்சை ஒட்டுனதுக்கு அப்புறமா?"

"மூணு வாரம். வெள்ளியும் சனியும்."

ஆறு ராத்திரி என்று கணக்குப் போட்டிருப்பாள். உதடு அசைந்தது. அவள் திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். கடற்கரைக்காரர்களுக்குத் திட்டத் தெரியாதா என்ன? ஆனால் அவள் காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் பச்சை ஒட்டினேன்" என்றாள். "நான்தான் ஒட்டினேன். எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா."

"உங்க மேல தப்பில்ல இன்ஜினியரம்மா. பூச்சு அவ்வளவு சுத்தம்" என்றான் மாதோ.

"பேசாதீங்க பெரியவரே."

அவள் தனியாகப் போய்ப் பச்சைக் காகிதத்தைக் கிழித்துச் சிவப்பை ஒட்டினாள். ஒட்டிவிட்டு, கதவில் அது ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று மூலைகளை விரலால் நீவினாள். சான்றை எழுதிக் கையெழுத்துப் போட்டு மாதோவிடம் நீட்டும்போது ஏன் இப்போது உண்மையைச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவன் அயர்லாந்தைப் பற்றிச் சொன்னான். அவள் சான்றைத் திரும்ப வாங்கி, போனில் படம் எடுத்து, "பொண்ணு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு அப்போதே அனுப்பிவைத்தாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனாள். மரியாதைக்குக்கூட எங்களிடம் ஒரு காபி குடிக்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"அப்பா, என்ன இது? சிவப்பா? நல்லாத்தானே இருந்துச்சு? எனக்காக வீட்டை உடைச்சியாப்பா? பணத்துக்காகப் பொய் சொன்னியா?"

"இல்ல கண்ணு. இது நிஜம். முன்னாடி சொன்னதுதான் பொய்."

அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. நான் வேலியோரம் வந்து நின்ற ரூஷாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு பஸ் டிரைவர் எத்தனையோ அழுகையைக் கண்ணாடியில் பார்க்காத மாதிரி ஓட்டியிருக்கிறான்.

மார்ச் முதல் வாரம் அவளுக்கு விடுதியில் அறை கிடைத்தது. கட்டணம் தள்ளுபடி, மாதத்தொகை, எல்லாம். அயர்லாந்துப் பயணத்தை முன்பே விட்டுவிட்டிருந்தாள். மாதோவுக்குக் கண்டெய்னர் வந்தது, அவன் சொன்ன மாதிரியே ஒரு கட்டில் போடும் டப்பா. அதை அவன் வீட்டு முற்றத்திலேயே, சிவப்புக் காகிதக் கதவுக்கு எதிரே இறக்கிவைத்தார்கள்.

திஹானா மார்ச் கடைசியில்தான் வந்தாள். பரீட்சை இருந்ததாம். கடைசி வளைவில் என்ன பார்த்தாள், யாரிடம் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது, இப்போது அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவன் வேறு ஆள். எங்கள் வீட்டில் தங்கினாள். ரூஷா அவளுக்கு நாலு பேர் சாப்பாட்டைப் போட்டாள். அவளும் சாப்பிட்டாள், ஆனால் கண் ஜன்னல் வழியாக அடுத்த வீட்டிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகளும் முற்றத்தில் விறகுக்கட்டை மேல் உட்கார்ந்து காபி குடித்தார்கள். நான் வேலியைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். அந்த வேலியில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

"ஒரு நிமிஷம்ப்பா. மேல போய் நின்னுட்டு வந்துடறேன்."

"வேண்டாம்."

"ஒண்ணும் எடுக்க மாட்டேன். தீயணைப்புக்காரங்க எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டாங்க. சும்மா நிக்கணும்."

"வேண்டாம் கண்ணு."

"ஆறு ராத்திரி தூங்க விட்டியே, ஒரு நிமிஷம் நிக்க விட மாட்டியா?"

மாதோவின் முகம் எப்படிப் போனது என்று நான் சொல்லப்போவதில்லை. அவளே உடனே அவன் நல்ல தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன்ப்பா. சும்மா."

"எனக்கு இன்னும் தோள் வலிக்குது" என்றான் அவன்.

"தெரியும்ப்பா. படியில உக்காந்தா வலிக்கத்தான் செய்யும்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு இருவரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே இருந்தார்கள், எதற்குச் சிரிக்கிறோம் என்பது மறந்துபோன பிறகும். கடைசியில் அவள்தான் நிறுத்தினாள். விடுதி அறை எப்படி என்று சொன்னாள். வெளிச்சம் நன்றாக வருகிறதாம். கூட இருக்கிறவளும் சிவப்புக் காகிதக்காரி, க்ளினா பக்கம். ராத்திரி விளக்கை அணைத்தபிறகு இருவரும் அவரவர் வீட்டில் எந்தப் படி கிறீச்சிடும், எந்தக் கதவை உதைத்தால்தான் மூடும் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்வார்களாம்.

"அடுத்த மாசம் பண்ணைப் பயிற்சிக்கு அனுப்பறாங்கப்பா. வெள்ளிக்கிழமை வர முடியாது. மே மாசமும் சந்தேகம்தான்."

"மாட்டுக்கா குதிரைக்கா?"

"மாட்டுக்கு."

"மாடுன்னா பரவால்ல. குதிரை உதைக்கும்."

"மாடும் உதைக்கும்ப்பா."

"அப்ப பார்த்து நில்லு."

பிற்பகல் பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட நாங்கள் மூவரும் போனோம். அவள் பின்பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, வளைவில் மறைகிற வரை எங்களைப் பார்த்துக்கொண்டு போனாள். ரூஷா மூக்கைச் சிந்தினாள். நான் புது டிரைவரின் கியரைக் குறை சொன்னேன். மாதோ வேகமாக முன்னால் நடந்தான்.

நான் எங்கள் வாசலை அடைந்தபோது அவன் தன் வீட்டுப் படியில் நின்றுகொண்டிருந்தான். பழக்கம். மூன்று படி ஏறி, மிதியடியில் காலைத் துடைத்து, சாவியையும் கையில் எடுத்துவிட்டிருந்தான். சிவப்புக் காகிதம் அவன் மூக்குக்கு நேரே இருந்தது. அவன் சாவியைப் பூட்டுக்குள் விடவில்லை, பைக்குள்ளும் வைக்கவில்லை. கூப்பிடலாமா என்று பார்த்தேன். ரூஷா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு அவன் குனிந்தான். மிதியடியை இடது கையால் எடுத்து, வேலியில் இரண்டு தட்டுத் தட்டி உதறினான். முற்றத்தைக் கடந்து போய்க் கண்டெய்னரின் இரும்புப் படிக்கு முன்னால் விரித்தான். அது படியைவிட அகலம். ஓரத்தை உள்ளே மடித்துப் பார்த்தான், சரிவரவில்லை. எதிர்ப்பக்க ஓரத்தை மடித்தான். ஒரு கொத்தனார் ரசமட்டம் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, காலணியை நன்றாகத் துடைத்து, உள்ளே போனான்.